பிப்ரவரியில் யாட்சுகடாகே: பண்டல் கடை கோர்டெக்ஸ் போதுமா, புதுசு வாங்கணுமா?

செம்பனை_59

வணக்கம். மலேசியாவில் தாப்பாவிலிருந்து நாங்கள் நாலு பேர் பிப்ரவரி நடுவில் ஜப்பான் போகிறோம், யாட்சுகடாகே மலைத்தொடருக்கு. மினோடோகுச்சியில் நடை தொடங்கி அகாடாகே கோசென் குடிலில் 2 இரவு. ஒரு நாள் வழிகாட்டியோடு அகாடாகே உச்சி (2,899 மீட்டர்). இன்னொரு நாள் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கும் செயற்கை ஐஸ் சுவரில் ஏறும் பயிற்சி. கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்), ஐஸ் கோடாரி, ஹெல்மெட், ஹார்னஸ் (கயிறு மாட்ட இடுப்பில் கட்டும் வார்) வாடகைக்கு எடுக்கிறோம். ஜாக்கெட் மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று முடிவு.

கையில் இருப்பது இரண்டு. ஒன்று 2.5 லேயர் மழை ஜாக்கெட் (வெளித்துணிக்கு உள்ளே பூச்சு மட்டும்), தண்ணீர் தாங்கும் அளவு 10,000 மி.மீ. என்று சீட்டில் போட்டிருக்கு, 290 கிராம், ஹூட் ஹெல்மெட்டுக்கு மேல் ஏறவில்லை. இன்னொன்று பண்டல் கடையில் (பழைய துணிக் கடை) 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்த 3 லேயர் கோர்டெக்ஸ் (தண்ணீரைத் தடுத்து வியர்வை ஆவியை விடும் சவ்வு நடுவில் ஒட்டிய துணி), ஜப்பான் எல் சைஸ், 540 கிராம், எத்தனை வயசு என்று தெரியாது. மற்ற இருவரிடமும் ஒன்றும் இல்லை, ஆளுக்கு 900 வெள்ளி வரை போடலாம்.

மதியம் 3 மணி மழையில் இரண்டையும் போட்டுக்கொண்டு தோட்டச் சாலையில் 40 நிமிடம் நடந்து பார்த்தோம். இரண்டிலுமே உள்சட்டை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. அப்படியானால் இரண்டும் வேலைக்கு ஆகாதா? புதுசு என்றால் 20,000 மி.மீ. போதுமா, 28,000 பார்க்கணுமா?

ஈரமலை

தம்பி, அந்த 3 மணி மழைச் சோதனையைக் கணக்கிலேயே எடுக்காதீங்க. உள்சட்டையை நனைத்தது பெரும்பாலும் உங்கள் வியர்வைதான்.

இந்த மாதிரித் துணி ஆவியை வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். ஜாக்கெட்டுக்குள் 35 டிகிரியில் நனைந்த தோல் என்றால் சுமார் 56 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு). தாப்பாவில் 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் வெளியிலேயே 36 இருக்கு. வித்தியாசம் 20தான். அதே ஜாக்கெட்டை மைனஸ் 10 டிகிரியில் போட்டால் வெளியே 3கூட இருக்காது, வித்தியாசம் 50-ஐத் தாண்டும். ஆக, நம்ம ஊர் மழையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டும் பிளாஸ்டிக் பைதான். இங்கே போட்டுப் பார்த்து "மூச்சு விடவில்லை" என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

அதற்காகக் குளிரில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அங்கே வெளித்துணியே பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருக்கும். ஆவி வெளியே போகும் முன்பே உள்பக்கத்தில் பட்டு நீராகும், பிறகு உறைந்து வெள்ளைத் தூளாகும். குடிலுக்குள் நுழைந்து அடுப்புப் பக்கம் நின்றதும் அது உருகி உள்ளே இறங்கும். "ஜாக்கெட் ஒழுகுது" என்று பலர் சொல்வது அதைத்தான். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிரட்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும், உடனே நின்று ஃபிளீஸ் குளிர்ச்சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைங்க. வியர்த்த பிறகு கழற்றிப் பிரயோசனம் இல்லை.

மி.மீ. கணக்குக்கு வருவோம். 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். மழைத்துளி அடிக்கும் அழுத்தம் அதில் சிறு பங்கு. பைவார் தோளில் அழுத்துகிற இடம், ஈரத்தில் முழங்காலோ முழங்கையோ ஊன்றுகிற இடம், அங்கேதான் அந்த எண் பேசும். பிப்ரவரியில் யாட்சுகடாகேயில் உங்களுக்கு மழை வருவது அரிது. ஜப்பான் கடல் பக்கத்து மலைகளில் மலைமலையாகப் பனி கொட்டும், இந்தப் பக்கம் காய்ந்த குளிரும் காற்றும்தான் ஜாஸ்தி. அடிவாரத்தில் 1,000 மீட்டரில் மைனஸ் 3 என்றால், 100 மீட்டருக்கு 0.65 டிகிரி வீதம் குறைத்து, உச்சியில் சுமார் மைனஸ் 15. அதில் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 27 மாதிரி படும். 20,000-க்கும் 28,000-க்கும் உள்ள வித்தியாசம் அங்கே உங்களுக்குத் தெரியவே தெரியாது. காற்றை நிறுத்துகிறதா, முகத்தை மூடுகிறதா, உள்ளே இரண்டு சட்டை போட இடம் இருக்கிறதா, இந்த மூன்றைப் பாருங்க.

சபாவில் கினபாலு மலைக்குப் போகிறவர்களுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். 4,095 மீட்டரில் விடியற்காலை பூஜ்யம் டிகிரியை ஒட்டி மழையும் காற்றும் சேர்ந்து வரும். உள்ளே நனைந்தால் நடுங்கிவிடும். அங்கே தண்ணீர் தாங்கும் எண்ணும் தையலும்தான் முதல் கேள்வி.

ஊசிநூல்

ஈரமலை அண்ணன் சொன்னது சரி. நான் அந்த 180 வெள்ளி ஜாக்கெட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

பண்டல் ஜாக்கெட்டுக்கு வயசு கேட்டா சொல்லாது, உள்ளே திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சு முதல்ல கழுத்து, தோள், ஹூட் மடிப்பு, அக்குள். தையல் மேல ஒட்டியிருக்கிற டேப்போட ஓரத்தை நகத்தால லேசா நிமிண்டுங்க. ஓரம் எழும்பாம துணியோட துணியா இருந்தா நல்லது. பழைய செலோடேப் மாதிரி மஞ்சளாகி, தொட்டதும் தூக்கிக்கிட்டு வந்தா பசை செத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டு இடம்னா சரி பண்ணலாம். தோள் ரெண்டும் முழுக்க உரியுதுன்னா விடுங்க, நேரம்தான் வீண்.

அடுத்தது வெளிப்பக்கம். துணியைக் கையில மடிச்சுத் தேய்ச்சுப் பாருங்க. வெளித்துணி தனியா, உள் சவ்வு தனியா வழுக்கினா, இல்லே கொப்புளம் கொப்புளமா தெரிஞ்சா லேயர் பிரிஞ்சிருச்சு. அதுக்கு வைத்தியம் கிடையாது.

2.5 லேயர் ஜாக்கெட்டுக்கு வேற வியாதி. அதோட உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. நம்ம ஊரு ஈரமும் சூடும் சேர்ந்தா அந்தப் பூச்சு தண்ணியோட வினை புரிஞ்சு சிதைஞ்சிடும். முதல்ல பிசுபிசுன்னு ஆகும். பிறகு நகத்தால கீறினா ரப்பர் மரத்து வெட்டுப்பட்டையில காய்ஞ்ச ஒட்டுப்பால் மாதிரி சுருண்டுக்கிட்டு வரும். கடைசியில வெள்ளைத் தூளா கொட்டும். வாடையும் காட்டிக்கொடுக்கும், ரப்பர் பால் மங்குல நாள் கணக்கா கிடந்த கட்டிப்பால் மாதிரி ஒரு புளிச்ச நாத்தம். அலமாரியில பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருந்தா சீக்கிரமே வந்திடும், போட்டதே இல்லேன்னாலும் வரும். பழைய கோர்டெக்ஸ் சவ்வு டெஃப்ளான் குடும்பம், அது இப்படிச் சிதையாது. ஆனா அதை ஒட்டியிருக்கிற பசையும் டேப்பும் சிதையும். அதனாலதான் மேல சொன்ன ரெண்டு சோதனையும்.

கடைசியா வாளிச் சோதனை. வாளி வாய்ல ஜாக்கெட்டை வெளிப்பக்கம் மேல இருக்கிற மாதிரி விரிச்சு, தோள் தையல் நடுவுல வர்ற மாதிரி பள்ளமாக்கி, அரை லிட்டர் தண்ணி ஊத்துங்க. அடியில துணியோட ஒட்டுற மாதிரி டிஷ்யூ. 30 நிமிஷம் அசைக்காம விடுங்க. டிஷ்யூ எங்கே நனையுதோ அங்கே பேனாவால குறி. இதே மாதிரி ரெண்டு தோள், ஹூட் சேருற இடம், நெஞ்சு பாக்கெட் தையல். மழையில நடந்து பார்க்கிறதை விட இது நிச்சயம், வியர்வை குழப்பாது.

சீட்டுல கோர்டெக்ஸ்னு இருந்தா மட்டும் நம்பாதீங்க. சீட்டைத் தைக்கிறது ரெண்டு நிமிஷ வேலை.

கயிறு_கணக்கு

ஐஸ் சுவர் ஏறுகிறீர்கள் என்றால் ஜாக்கெட்டின் வெட்டும் தையலும்தான் எனக்கு முதல். தண்ணீர் எண் மூன்றாவது இடத்தில்கூட இல்லை.

வாங்கும் முன்பு கடையிலேயே இதைச் செய்யுங்கள். வெயிலோ மழையோ, நீங்கள் போடப்போகும் உள்சட்டையையும் ஃபிளீஸையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் போட்டு மேலே ஜாக்கெட். இடுப்பில் ஹார்னஸ் இல்லாவிட்டால் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு கையையும் கோடாரி வீசுகிற மாதிரி தலைக்கு மேல் தூக்குங்கள். ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு பெல்ட்டை விட்டு மேலே வந்தால் அந்த வெட்டு ஏறுவதற்கு இல்லை. ஐந்தாவது வீச்சில் முதுகு திறந்துவிடும், மறுபடி மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒட்டித் தைத்திருந்தால் விளிம்பு எழும்பாது. மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. ஜப்பான் எல் என்பது அமெரிக்க எம் அளவுக்குத்தான் வரும், அதனால் 180 வெள்ளி ஜாக்கெட்டையும் இப்படிச் சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

ஹூட். ஹெல்மெட் போட்டு அதன் மேல் ஹூட், ஜிப் தாடை வரை. தலையை இடம் வலம் திருப்புங்கள். ஹூட்டும் கூடவே திரும்ப வேண்டும். நீங்கள் திரும்பி ஹூட் அப்படியே நின்றால் பாதிப் பார்வை துணிக்குள் போய்விடும். பின்மண்டையில் ஒரு இழுப்புக் கயிறு, முகத்தோரம் இரண்டு, நெற்றியில் கம்பி வைத்த விளிம்பு. கன்னத்தில் காற்று பட்டால் அது ஹூட்டே இல்லை. உங்கள் 290 கிராம் ஜாக்கெட்டின் ஹூட் ஹெல்மெட்டுக்கு மேல் ஏறவில்லை என்கிறீர்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கழுத்து மூடாது, தலை திருப்பும்போது ஹெல்மெட்டும் இழுபடும். அதை உச்சி நாளுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பாக்கெட் நெஞ்சில் இருக்க வேண்டும். இடுப்புப் பாக்கெட்டை ஹார்னஸும் பையின் இடுப்புவாரும் சேர்ந்து அடைத்துவிடும். ஜிப் இரண்டு பக்கமும் திறக்கிறதா என்று பாருங்கள், கீழிருந்து கொஞ்சம் திறந்தால் ஹார்னஸின் முன்கண்ணி வெளியே வந்துவிடும், ஜாக்கெட் சுருண்டு மேலே வராது. தண்ணீர் புகாத பூச்சு போட்ட ஜிப் குளிரில் விறைத்துப்போகும், தாடைக்குப் பக்கத்தில் மூச்சு பட்டு உறையும். எல்லா ஜிப் முனையிலும் 2 மி.மீ. கயிற்றில் 6 செ.மீ. வளையம் கட்டிவிடுங்கள். தடித்த கையுறையோடு பிடிக்க வராத ஜிப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

துணி 30 அல்லது 40 டீனியர் (நூலின் தடிமன் அளவு) நடைக்குப் போதும். ஐஸில் தோளும் முழங்கையும் உரசும், அதற்கு 70 அல்லது 80 டீனியர். அந்த 540 கிராம் ஜாக்கெட் அந்த ரகமாகத்தான் இருக்கும்.

கைப்பட்டி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நடக்கும்போது கை தொங்கும், அதனால் கையுறை ஜாக்கெட் கைக்குள்ளே. ஏறும்போது கை மேலே, உருகிய தண்ணீர் முழங்கையை நோக்கி ஓடும். அப்போது நீளக் கையுறை ஜாக்கெட் கைக்கு வெளியே. மாற்றிப் போட்டால் அரை மணியில் முழங்கை வரை ஈரம்.

ஈரமலை அண்ணன் சொல்லாத ஒன்று: குடில் வரைக்கும் மரங்களுக்கு இடையில் நடை, காற்று குறைவு. அங்கே இந்த ஹார்டுஷெல்லே (நீர்புகா வெளிஜாக்கெட்) வேண்டாம், காற்று ஓரளவு ஊடுருவும் சாஃப்ட்ஷெல் போதும். மரக்கோடு (அதற்கு மேல் மரம் வளராத உயரம்) சுமார் 2,500 மீட்டர். அதைத் தாண்டுவதற்கு முன்பு, இன்னும் ஒதுக்கு இருக்கும்போதே, ஷெல்லை மாட்டுங்கள். மேலே காற்றில் நின்று மாட்டினால் கையில் இருந்து பறந்துவிடும்.

ஈரமலை

கயிறு தம்பி சொன்ன சாஃப்ட்ஷெல்லை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 900 வெள்ளிக்குள் ஒருவருக்கு இரண்டும் வாங்கச் சொல்வது நியாயம் இல்லை. அக்குளில் ஜிப் வைத்த ஷெல் ஒன்று வாங்கினால் அதைத் திறந்துவிட்டு நடக்கலாம். கைமுட்டி உள்ளே போகிற அளவு, 30 செ.மீ. நீளமாவது திறக்கணும்.

கயிறு_கணக்கு

அக்குள் ஜிப் ஹார்னஸ், பைவார் எல்லாம் மாட்டிய பிறகு பாதிதான் திறக்கும். இருந்தாலும் ஒன்றே வாங்குவதானால் சரிதான்.

செம்பனை_59

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டோம்.

2.5 லேயர்: கழுத்தடியில் உள்பக்கம் பிசுபிசு. வாடையும் இருக்கு. ஊசிநூல் அக்கா சொன்ன அதே கட்டிப்பால் வாடை. அதை ஒதுக்கிவிட்டோம்.

பண்டல் கோர்டெக்ஸ்: கொப்புளம் இல்லை, வழுக்கல் இல்லை. கை தூக்கினால் விளிம்பு பெல்ட்டுக்குள்ளேயே நிற்குது. ஹூட் ஹெல்மெட்டோடு திரும்புது. வாளிச் சோதனையில் ஒரே இடம், ஹூட் இடது தோளில் சேரும் மூலையில், டேப் 4 செ.மீ. எழும்பியிருக்கு, டிஷ்யூ நனைந்தது. தண்ணீர் வெளித்துணியில் முத்தாக நிற்காமல் இருட்டாக ஊறுது. இது ஒழுகலா?

மற்ற மூவரும் வாங்கணுமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா? நிற்கும்போது மேலே போட இறகு ஜாக்கெட் வேணுமா?

கயிறு_கணக்கு

டோக்கியோவில் மலைச் சாமான் வாடகைக் கடைகள் இருக்கின்றன, ஜாக்கெட்டும் கிடைக்கும். ஒரே ஒரு குளிர்காலப் பயணம் என்றால் வாடகையே நல்லது. முன்பதிவில் ஹெல்மெட்டுக்கு மேல் வரும் ஹூட், நெஞ்சுப் பாக்கெட் என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பனிச்சறுக்கு ஜாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இடுப்பில் எலாஸ்டிக் பாவாடை தைத்திருக்கும், ஹார்னஸுக்கு அடியில் மூட்டையாகச் சுருளும். வாங்குவதானால் டெகத்லானில் சிமோன்ட் பெயரில் வரும் மலையேற்ற வரிசையைப் பாருங்கள், அதே கடையின் நடை வரிசையை அல்ல.

நிற்கும்போது கட்டாயம் வேண்டும். மற்றவர் ஏறும்போது கயிறு பிடித்துக்கொண்டு 20 நிமிடம் நிற்பீர்கள். ஷெல்லைக் கழற்றி உள்ளே எதையும் போடாதீர்கள், ஷெல்லுக்கு மேலேயே போடுகிற பெரிய சைஸ். செயற்கைப் பஞ்சு வைத்தது நல்லது. இறகு லேசு, ஆனால் வியர்வை ஈரம் ஷெல்லில் இருந்து அதற்குள் ஏறி இரண்டாம் நாளே தட்டையாகும்.

ஊசிநூல்

இருட்டா ஊறுறது ஒழுகல் இல்லே தம்பி. வெளித்துணி மேல ஒரு நீர் விலக்குப் பூச்சு உண்டு, அது தேய்ஞ்சிருக்கு. உள்ளே சவ்வு தாங்கும். ஆனா துணி ஊறிட்டா ஆவி வெளியே போகாது, பனியும் ஒட்டிக்கிட்டு உறையும். அதனால சரி பண்ணியே ஆகணும்.

முதல்ல டேப். எழும்பின இடத்தை ரப்பிங் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு நல்லா காய விடுங்க. மேல மெல்லிசு பருத்தித் துணி, அயர்ன் பாக்ஸ் குறைஞ்ச சூட்டில, ஆவி இல்லாம, 5 முதல் 10 விநாடி அழுத்தம். எடுத்ததும் கனமான புத்தகத்தை வச்சு ஆற விடுங்க, சூட்டோட தொட்டா மறுபடி எழும்பும். ஒட்டலேன்னா எழும்பின 4 செ.மீ.யை மட்டும் வெட்டி எடுத்துட்டு, யூரித்தேன் தையல் பசையைத் தையலுக்கு ரெண்டு பக்கமும் 6 மி.மீ. அகலத்துக்கு மெல்லிசா இழுங்க. தடிமனா வச்சா மடியிற இடத்துல வெடிக்கும். அந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தை வச்சுத்தான் இறுகும், அந்த விஷயத்துல நம்ம ஊருக்குக் குறையே இல்லே.

அப்புறம் சலவை, ஆனா பசை இறுகின பிறகுதான். ஜிப், வெல்குரோ எல்லாம் மூடி, நீர்புகாத் துணிக்குன்னே விக்கிற சோப்புல, 40 டிகிரிக்கு மேல போகாம, ரெண்டு தடவை அலசல். சாஃப்ட்னர் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது துணியைத் தண்ணி குடிக்க வைக்கும். கழுத்துப் பட்டையும் ஹூட் உள்பக்கமும் தனியா தேய்க்கணும். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் அங்கேதான் போய் உட்காரும். எழுபதுகள்ல வந்த முதல் கோர்டெக்ஸே உடம்பு எண்ணெய் பட்டு ஒழுகித்தான் உள்ளே தனியா ஒரு காப்புப் படலம் சேர்த்தாங்க. பயணத்துல இருக்கிற நாள் எல்லாம் எண்ணெய் வைக்காதீங்க, இல்லேன்னா உள்ளே ஒரு மெல்லிசு தொப்பி.

ஈரமா இருக்கும்போதே நீர் விலக்கு ஸ்பிரே, 15 செ.மீ. தூரத்துல இருந்து, தோளுக்கும் ஹூட்டுக்கும் கைக்கும் கூடுதலா. ரெண்டு நிமிஷம் கழிச்சு வழியிறதை ஈரத் துணியால ஒத்தி எடுங்க. வீட்டுல டிரையர் இல்லேன்னா தெருமுனை டோபிக்கு (மெஷின் சலவைக் கடை) கொண்டுபோங்க. ஆனா அங்கே டிரம்முக்குள்ள முன்னாடி போட்டவங்களோட வாசனைத் தாள் மெழுகு ஒட்டியிருக்கும். ஈரத் துணியால டிரம்மைத் துடைச்சு 5 நிமிஷம் காலியா ஓட்டிட்டு, குறைஞ்ச சூட்டில ஜாக்கெட்டைத் தனியா போடுங்க. காய்ஞ்ச பிறகும் இன்னும் 20 நிமிஷம். அந்தச் சூட்டிலதான் பூச்சு எழும்பி நிக்கும், கொடியில காயப்போட்டா அவ்வளவா நிக்காது. ஃபுளோரின் இல்லாத புது ரகப் பூச்சு எண்ணெய்க்கு இன்னும் சீக்கிரம் தோத்துடும், அதை அடிக்கடி துவைக்கத்தான் வேணும்.

செம்பனை_59

பசை போட்டாச்சு அக்கா. கடைசியாக ஒன்று, கேமரன் மலையில் பிரிஞ்சாங் வரை ஏறி ஈராவ் மலையில் ஒரு நாள் போட்டுப் பார்க்கலாமா?

ஈரமலை

போங்க, அங்கே 2,000 மீட்டரில் காலைக் குளிரும் சாரலும் கிடைக்கும். ஜிப், ஹூட், கையுறை பழக நல்ல இடம். சேற்றில் விழுந்தால் பிரஷ்ஷால் தேய்க்காமல் தண்ணீரில் அலசுங்க. வந்ததும் பைக்குள் திணிக்காமல் ஹாங்கரில் தொங்கவிடுங்க, அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று.

ஊசிநூல்

அதுக்கு முன்னாடி பசையை 24 மணி நேரம் தொடாதீங்க. மறுநாள் அதே மூலைக்கு வாளிச் சோதனை இன்னொரு தடவை, இந்தத் தடவை ஒரு மணி நேரம்.